இரண்டு முகங்களுக்கு வைத்தியம்

லோகப்பிரியாவின் கன்னத்தை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த தோல் டாக்டர் பிரவீனா, சட்டென்று நிமிர்ந்து, சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாலுசாமியைப் பார்த்தார்.

“உங்களுக்கும் சின்ன வயசுல பரு நெறைய வந்துச்சுங்களா?”

கேள்வி தன்னிடம்தான் என்று பாலுசாமிக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழையும் மஞ்சளும் வைத்துப் பிழைக்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உரத்தைப் பற்றி, தண்ணீர் விடுகிற முறையைப் பற்றி எத்தனையோ பேர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். முகத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

“வந்துச்சுங்க. கட்டி கட்டியா வந்துச்சு. அதும்பாட்டுக்கு வந்துச்சு, அதும்பாட்டுக்குப் போயிருச்சுங்க.”

“பரு போயிருச்சு. குழி போகலீங்களே” என்றார் டாக்டர். சாதாரணமாகத்தான் சொன்னார். “இந்தத் தோல்வாகு குடும்பத்துல வர்றதுதாங்க. அதுக்குத்தான் கேட்டேன்.”

லோகப்பிரியா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த முகம்தான். ஆனால் அன்றைக்கு அவள் பார்வை அவருடைய கண்ணுக்கு வரவில்லை. கன்னத்தில் போய் ஊன்றி நின்றது. தாடை வரைக்கும் குழிக்குப் பக்கத்தில் குழி. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாலுசாமிக்கு ஊர்க்கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்துபோனது போலக் கூச்சமாக இருந்தது.

அவளுக்குப் பரு தொடங்கியது பள்ளிக்கூட நாளில். பிறகு கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது கூட இருந்த பெண் ஒருத்தி ஒரு களிம்பைக் காட்டிவிட்டாள். டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கொடுத்தார்கள். தடவிக்கொண்டு படுத்தால் சீக்கிரமே பரு அமுங்கி, முகம் பளபளவென்று ஆகிவிடும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளைப் பார்த்து அம்மா ராசாத்தாள், “ஏங்கண்ணு, கோயமுத்தூர்த் தண்ணி உனக்கு நல்லா ஒத்துக்கிருச்சாட்ட இருக்குது” என்று கன்னத்தைத் தடவிச் சந்தோசப்பட்டாள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அது என்று அப்போது யாருக்கும் தெரியாது. படிப்பு முடிகிறவரை போட்டாள். நிறுத்தியதும் முகம் முழுக்கத் தீப்பட்டது போலச் சிவந்து, சீழ்க் கட்டிகள் எழும்பின. களிம்பைத் தடவினால் அடங்கும். விட்டால் முன்னைவிட அதிகமாக வரும்.

சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. தினமும் காலையில் கேமராவைப் போட்டுக்கொண்டு எல்லோரும் பேச வேண்டும். ஒருநாள் பேச்சு முடிந்து முக்கால்வாசிப் பேர் கலைந்த பிறகு, மைக்கை அணைக்க மறந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் அவள் முகத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சொன்னான் என்பதை அவள் வீட்டில் கடைசிவரை சொல்லவில்லை. அந்த வாரமே பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டாள். வந்தவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வாங்கக் கதவைத் திறப்பதோடு சரி. அதற்குப் பிறகுதான் யாரோ சொல்லக் கேட்டு பாலுசாமி அவளை இந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் பிரவீனா பூசி மெழுகுகிறவர் அல்ல. களிம்பைக் குப்பையில் போடச் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதினார். “மொதல்ல இன்னும் மோசமாகற மாதிரித் தெரியும். பயந்துட்டு நிறுத்தீராதீங்க” என்றார். அப்படியே ஆனது. உதடு வெடித்தது. சாப்பிட வாயைத் திறந்தால் ரத்தம் கசிந்தது. மாதாமாதம் அப்பாவும் மகளும் சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியாக பஸ்ஸில் போனார்கள். சரவணம்பட்டி வரும்போது அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொள்வாள். அடுத்து வருகிற கணபதி ஸ்டாப்பைத் தாண்டுகிறவரை நிமிர மாட்டாள்.

மாத்திரை வேலை செய்தது. அடுத்த ஐப்பசி மழைக்குள் புதிதாக ஒரு பருகூட இல்லை. ஆனால் தண்ணீர் வற்றிய பிறகு ஏரித்தரை தெரிகிற மாதிரி, வீக்கமெல்லாம் அடங்கிய பிறகுதான் பள்ளங்கள் முழுசாகத் தெரிந்தன.

“கொஞ்ச மாசம் விட்டுட்டு தழும்புக்கு ஆரம்பிக்கலாமுங்க” என்றார் டாக்டர். “சின்னச் சின்ன ஊசி வெச்ச மெசின் ஒண்ணு இருக்குது. அதுல தோலைக் குத்திவிடுவோம். குத்துன தோல் தன்னால ஆறும்போது பள்ளம் கொஞ்சம் மேல வரும். ரொம்ப ஆழமா இருக்கற குழிக்குள்ள தனியா மருந்து வெப்போம். பல தடவை வரணுங்க.”

“முழுசாப் போயிருங்களா மேடம்?” என்று லோகப்பிரியா கேட்டாள்.

“போகாதுங்க. பாதிக்குப் பாதி குறைஞ்சாலே நல்ல ரிசல்ட்டுன்னு சொல்லுவேன்.”

“மீதிப் பாதி?”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

லோகப்பிரியா எழுந்துகொண்டாள். “வேண்டாமுங்க மேடம். எங்கப்பா மொகந்தான் எனக்கும்னு ஆயிப்போச்சு. அதுக்கு எதுக்குங்க ஊசி?”

கோபமாகச் சொல்லியிருந்தால் பாலுசாமி தாங்கியிருப்பார். அவள் சும்மா, மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாலுசாமி ஜன்னல் பக்கம் திரும்பி, தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் பெண் பார்க்கப் போன காலத்தில் ராசாத்தாளின் வீட்டார், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எத்தனை உருப்படி மாடு இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். முகத்தைக் கேட்கவில்லை. இந்தக் குழிகளை முப்பது வருசம் அவர் சுமந்ததாகவே அவருக்கு நினைவில்லை. இப்போது மகள் முகத்தில் அவை வேறொன்றாக இருந்தன.

புதிதாக ஒரு பூச்சிமருந்து வந்தால் பாலுசாமி நேராக வாழைக்காடு முழுக்க அடித்துவிட மாட்டார். ஒரு மூலையில் அடித்து, இலை எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றது. அந்தப் புத்தியில்தான் அவருக்கு இந்த யோசனையும் வந்தது. தை பிறந்ததும் வாழைத்தார் விலை விசாரிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தனியாகக் கோயம்புத்தூருக்குப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“எனக்குச் செய்யுங் மேடம்.”

“உங்களுக்கு எதுக்குங்க, இத்தனை வருசம் கழிச்சு?”

“புள்ள பாக்கட்டுமுங்க. எனக்கே மாறிப்போச்சுன்னா, தனக்கும் மாறும்னு அவ நம்புவா.”

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்க தழும்பு ரொம்பப் பழசுங்க. அத்தனை லேசுல அசையாது. அதுவுமில்லாம நீங்க வெயில்ல வேலை செய்யறவரு. குத்துன தோல்ல வெயில் பட்டா கறுத்துப் போயிரும். மாறாமப் போச்சுன்னா உங்க பொண்ணுக்கு இருக்கற நம்பிக்கையும் போயிருமே, அதை யோசிச்சீங்களா?”

“போறதுக்கு நம்பிக்கைன்னு ஒண்ணும் அவகிட்ட இல்லீங் மேடம்.”

மரத்துப்போகிற களிம்பை முகமெல்லாம் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வெளியே உட்கார வைத்தார்கள். சுற்றிலும் கல்லூரிப் பெண்கள், கல்யாணம் வைத்திருக்கிற பெண்கள். வெள்ளை வேட்டியோடு, வெள்ளை பூசிய முகத்தோடு அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் அடக்க மாட்டாமல், “ஏனுங்கண்ணா, உங்களுக்கு என்னங்க ட்ரீட்மெண்டு?” என்று கேட்டாள்.

“எனக்கில்ல அம்மணி. என்ற பொண்ணுக்குங்க” என்றார் பாலுசாமி. அந்தப் பெண் அவரையும், அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியையும் பார்த்துவிட்டு, அதற்கு மேல் கேட்கவில்லை.

ஊசி வலித்தது. கன்னத்தில் பொறுத்துக்கொண்டார். தாடை எலும்புமேல் வந்தபோது மட்டும் கால்விரல்களை மடக்கினார். டாக்டர் துடைத்துப் போட்ட பஞ்செல்லாம் ரத்தமாக இருந்தது.

துண்டை முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் ராசாத்தாள் அலறிவிட்டாள். “ஏனுங்க, எங்கீங்க உளுந்தீங்க? வண்டி கிண்டி இடிச்சுப் போடுச்சுங்களா?”

விசயத்தைச் சொன்னதும் அலறல் வசவாக மாறியது. “உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா? ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது? இந்த வயசுல மாப்பிள்ளையாகப் போறாராமா!”

சத்தம் கேட்டு லோகப்பிரியா அறைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்பாவின் முகம் தோலுரித்த மாதிரி சிவந்து, வீங்கி இருந்தது.

“என்னுங்கப்பா இது?”

“சும்மாதான் கண்ணு. கோயமுத்தூர் போயிருந்தன். சரி, நாமளும் ஒரு கை பாத்துப்போடலாமுன்னு…”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் கோணிக்கொண்டு பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. “பைத்தியமாங்கப்பா உங்களுக்கு?” என்றாள். அவர் தன் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனதும், “தொடாதீங்க! கையக் கழுவுனீங்களா மொதல்ல?” என்று அதட்டினாள். வெகு நாளைக்கப்புறம் அந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அவர் முகம் அவள் பொறுப்பாயிற்று. காலையில் காட்டுக்குக் கிளம்பும் முன் அவரை உட்கார வைத்து, வெயிலுக்குப் போடுகிற கிரீமை அவளே தடவிவிடுவாள். அவள் விரல் ஒவ்வொரு குழியாக இறங்கி ஏறுவது அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொள்வார். “அப்பனும் மகளும் பவுடர் பூசி முடிச்சீங்களா? இட்லி ஆறிப்போகுது” என்று ராசாத்தாள் சமையலறையிலிருந்து சத்தம் போடுவாள். லோகப்பிரியா இப்போது எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். இந்த வைத்தியம் முடியாமலே இழுத்துக்கொண்டு போனால்கூட நல்லது என்று பாலுசாமிக்குத் தோன்றியது.

இரண்டாம் முறை ஊசி வைத்துக்கொண்டு வந்து, முகம் ஆறிய பிறகு ஒருநாள், “தாடைகிட்ட கொஞ்சம் மேல வந்திருக்குதுங்கப்பா” என்றாள். அவர் கண்ணாடியில் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஆமா கண்ணு, வந்திருக்குது” என்றார்.

“எனக்கும் போட்டுக்கறனுங்கப்பா.”

அடுத்த முறை இருவரும் சேர்ந்து போனார்கள். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்து அவள் சிரித்தாள்; தாள் ஒட்டியிருந்ததால் சிரிப்பு கண்ணில் மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் சூறைக்காற்று அடித்தது. சித்திரை மாதத்தில் வருகிற காற்றுதான். ஆனால் அந்த வருசம் நேந்திரம் வாழைத்தார் முற்றி, வெட்டுக்குத் தயாராக நின்றிருந்தது. காற்று நின்றபோது பாதி மரம் இடுப்பொடிந்து கிடந்தது. மீதி சாய்ந்து நின்றது. சாய்ந்ததற்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தால் பிழைக்கும். விட்டால் அதுவும் போகும். எல்லார் காட்டிலும் அதே கதி என்பதால் கூலிக்கு ஆள் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பாலுசாமி கம்புகளைத் தூக்கினார். லோகப்பிரியா வாசல்வரை ஓடி வந்தாள்.

“அப்பா, வெயிலுங்க! டாக்டர் என்ன சொன்னாங்க? வேண்டாமுங்கப்பா!”

“துண்டு கட்டிக்கறன் கண்ணு. பொழுது ஏர்றதுக்குள்ள வந்தர்றன்.”

வரவில்லை. ஒரு மரத்தை நிமிர்த்தினால் அடுத்தது கூப்பிட்டது. வேர்வையில் துண்டு கண்ணை மறைத்தது. அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்றைக்கும் அடுத்தடுத்த நாளும் பொழுது சாயும்வரை காட்டிலேயே நின்றார். மரம் கொஞ்சம் பிழைத்தது. முகம் கறுத்தது. முதலில் செம்பழுப்பாக, பிறகு சட்டியடிக் கரியைப் போலத் திட்டுத் திட்டாக. கறுத்த விளிம்புக்குள் ஒவ்வொரு குழியும் முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது.

லோகப்பிரியா இன்னும் சில நாள் கிரீம் தடவிவிட்டாள். ஒரு காலையில் அவர் வழக்கம்போல உட்கார்ந்து காத்திருந்தார். அவள் வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார்.

அவருக்கு இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லோகப்பிரியா மட்டும் விடாமல் போனாள். டாக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை. வெயில் படாமல் இருப்பது அவளுக்குச் சிரமமாகவும் இல்லை. ஜன்னலில் கனத்த திரையைப் போட்டுக்கொண்டாள். ஆழக் குழிகளுக்குள் மருந்து வைத்த நாட்களில் முகம் பொருக்குத் தட்டிப் போகும். அது உதிர்கிறவரை அம்மாவைக்கூட உள்ளே விடமாட்டாள்.

கடைசி முறை போனபோது டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே விளக்கு, ஒரே பக்கக் கன்னம்.

“நல்லா வந்திருக்குதுங்க. ஓரமெல்லாம் மட்டமாயிருக்குது பாருங்க. உங்களுக்கு நல்ல ரெஸ்பான்ஸ்” என்றார். அவர் முகத்தில் உண்மையான சந்தோசம் இருந்தது.

லோகப்பிரியா இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல மொதல்ல எடுத்தது எதுங்க மேடம்?”

டாக்டரின் கை மௌஸ் மேல் அப்படியே நின்றது. “இடது பக்கம் இருக்கறதுங்க” என்றார், மெதுவாக.

பாலுசாமி முந்திக்கொண்டு, “எனக்கு நல்லாவே வித்தியாசம் தெரியுது கண்ணு” என்றார்.

“அப்படீங்களாப்பா? எந்த எடத்துலங்க?”

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். எல்லாக் குழியும் ஒன்றுபோலவே இருந்தது. விரல் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஓரிடத்தில் நின்றது. “இதா, இந்த எடம். இது நல்லா மேவியிருக்குது பாரு.”

“அது பழைய படமுங்கப்பா” என்றாள் லோகப்பிரியா.

பையை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனதும் டாக்டர் அவரை நிறுத்தினார். “தோலுக்கு என்னால ஆனதைச் செஞ்சாச்சுங்க. நெசமாவே குறைஞ்சிருக்குது. ஆனா அதை அவங்களால பாக்க முடியலை. மனசுக்கு வைத்தியம் பண்றவங்ககிட்ட ஒருதடவை கூட்டிட்டுப் போங்க. இதை நான் மொதல்லயே சொல்லியிருக்கணுங்க.”

வீட்டில் சொன்னதும் ராசாத்தாள் அவர் வாயைப் பொத்தினாள். “அய்யோ, மெல்லப் பேசுங்க. மொகத்துக்கு வைத்தியம் பாத்தா ஊர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பொண்ணுக்கு மூளைக்கு வைத்தியம் பாக்கறாங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சா அப்பறம் எவன் நம்ம வாசப்படி ஏறுவான்?”

அவர் கேட்கவில்லை. மனநல டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு வந்து, அந்த நாள் காலையில் மகளின் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்தே பதில் வந்தது.

“மொகத்துக்கு இத்தனை பாத்தீங்களே, போதுமுங்கப்பா. நீங்க காட்டுக்குப் போங்க.”

அடுத்த மாதமும் கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார். அதே பதில்தான். குரலில் கோபம் இல்லை. கதவும் திறக்கவில்லை.

அடுத்த வருசம் ஆவணியில் அவளுக்கு வேறொரு வேலை கிடைத்தது. ஏதோ ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால், வீட்டிலிருந்தபடியே போனில் பதில் சொல்ல வேண்டும். கேமரா கிடையாது. யாரும் யாரையும் பார்க்கப்போவதில்லை. ராசாத்தாள் அதைச் சாமி கொடுத்த வழி என்றாள். பாலுசாமிக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கார்த்திகையில் சத்தியமங்கலத்தில் ராசாத்தாளின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். லோகப்பிரியாவும் அந்தப் பெண்ணும் ஒரே வயது, ஒன்றாக விளையாடியவர்கள். புருசனும் பெண்டாட்டியும் மட்டும் போனார்கள்.

“லோகா வர்லீங்களா மாமா?” என்று மணப்பெண்ணே கேட்டாள்.

“அவளுக்கு வேலை கண்ணு. லீவு தரமாட்டேனுட்டாங்க.”

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சொந்தக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னுங்க மாப்ள, மொகமெல்லாம் இப்படிக் கறுத்துக் கெடக்குது?” என்றார். “காட்டு வேலைங்க, வெயிலு” என்றார் பாலுசாமி. “அது செரி” என்று சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குக் கையை நீட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

வீடு திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே உள்ளே லோகப்பிரியாவின் பேச்சுக் குரல் கேட்டது. பாலுசாமி தேங்காய்ப் பையைக் கையில் பிடித்தபடியே அவள் கதவு முன்னால் போய் நின்றார்.

“ரொம்ப சந்தோசமுங்க சார். இல்லீங்க சார், பரவாயில்லீங்க, இதுல என்ன சிரமம் இருக்குது எனக்கு? வேற எதாச்சும் உதவி வேணுங்களா? நல்லதுங்க சார். இந்த நாள் உங்களுக்கு நல்லா அமையட்டுமுங்க.”

வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பேசுகிற ஒரு பெண்ணின் குரல். முன்பின் தெரியாத அந்த ஆளும் மறுமுனையில் சிரித்திருப்பான். அந்த ஒரு நிமிசம், உள்ளே இருப்பவள் தன் மகள் அல்ல, சந்தோசமாக இருக்கிற வேறு யாரோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. பேச்சு நின்றது. நாற்காலி அசையும் சத்தமோ காலடிச் சத்தமோ இல்லை. அடுத்த அழைப்பு வருமென்று காத்திருந்தார்.

கூடத்திலிருந்து ராசாத்தாள் கேட்டாள். “என்னுங்க, அங்கயே நின்னுட்டீங்க? கூப்புடுங்க, பலகாரம் திங்கட்டும்.”

“இரு, பேசிட்டிருக்கறா” என்றார் பாலுசாமி.

உள்ளே வெகுநேரமாகச் சத்தமே இல்லை.